படிக்கத்தில் விழுந்த போன்

கலியாண வீட்டுப் படிக்கத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியவர்கள் கல்முனைப் பக்கத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். சுல்பிகா துழாவினாள். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்ட பெண்கள் இருந்த இடத்திலேயே கை கழுவும் பித்தளைப் பாத்திரம் அது. நெய்ச்சோற்றுக் கை கழுவிய தண்ணீர், அதன் மேல் மஞ்சளாய் மிதக்கும் கொழுப்பு, சப்பிப் போட்ட எலும்பு, யாரோ வாய் கொப்பளித்த வட்டிலப்ப இனிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே வெற்றிலைத் துப்பல். இத்தனைக்கும் அடியில் அவளுடைய போன் கிடந்தது. விரலில் முதலில் அகப்பட்டது போன் அல்ல, கொழகொழவென்று வேறு ஏதோ. அது என்னவென்று பார்க்காமலே உதறிவிட்டு மறுபடி துழாவினாள்.

வெறும் போன் என்றால் இந்தக் கண்றாவி எதற்கு, போனால் போகிறது என்று விட்டிருப்பாள். உள்ளே அப்ராவின் கலியாணம் முழுவதும் இருந்தது.

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பதுதான் சுல்பிகாவின் தொழில். கல்முனைக்குடியில் வீடு. சாய்ந்தமருது, மருதமுனை, மாவடிப்பள்ளி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவாள். இந்த ஊர்களில் ஒழுங்கான வீட்டில் படம் பிடிக்கிற ஆண்பிள்ளையைப் பெண்கள் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். வாசலில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசின் வைத்திருப்பார்கள். வருகிற பெண்கள் எல்லாரும், மணமகளைப் பெற்றவள் உட்பட, போனை அதற்குள் போட்டுவிட்டுத்தான் திரையைத் தாண்டலாம். தாண்டியதும் அபாயாவும் முக்காடும் கழன்றுவிடும். பின்னிய தலையும் அவிழ்த்த தலையும் பூச்சூடிய தலையுமாக உள்ளே ஒரே சிரிப்பும் குரவையுமாக இருக்கும். அந்த இடத்தில் நடமாட அனுமதியுள்ள ஒரே போன் சுல்பிகாவுடையது.

அந்த அனுமதி சும்மா கிடைத்ததல்ல. அதற்கு அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். படங்களை மணமகளிடம் ஒப்படைத்ததும் போனை அவள் கையிலேயே கொடுத்து, அவளுடைய விரலாலேயே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வாள். இது அமானிதம், நம்பித் தந்த பொருள், என்னிடம் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பாள். இந்த ஒரு சொல்லுக்காகவே உம்மாமார் அவளைத் தேடி வந்தார்கள். அவளை விட நன்றாகப் படம் எடுப்பவர்கள் இரண்டு பேர் இருந்தும் அவர்களிடம் போகவில்லை.

அப்ராவின் கலியாணம் சாய்ந்தமருதில். தலை பின்னும்போது அந்தப் பிள்ளைக்கு வாய் ஓயவில்லை. மாப்பிள்ளை ஹிஷாம் கட்டாரில் வேலை. படம் காட்டட்டுமா என்று தரகர் கேட்டதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

“என்னக் காணாமலே கேட்டவர் மாமி. மார்க்கம் பேணுற புள்ளையெண்டு கேள்விப்பட்டன், அது போதுமெண்டாராம்,” என்றாள் அப்ரா. இதை அவள் மூன்றாந்தரமாகச் சொல்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேலி பண்ணினார்கள். சுல்பிகா கேலி பண்ணவில்லை. இந்தக் காலத்திலும் இப்படி ஒருவனா என்று அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

சுல்பிகாவோடு எல்லாக் கலியாணத்துக்கும் அவளுடைய ராத்தா றுகையாவும் வருவாள். சேலைக்கு ஊசி குத்துவது, விளக்கைப் பிடிப்பது, தங்கச்சி சாப்பிடவோ தொழவோ போகும்போது போனை வைத்திருப்பது அவள் வேலை. கூடப் பிறந்தவளை விட நம்பிக்கையான ஆள் எங்கே கிடைக்கும்? போனின் இரகசிய எண்ணும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் போனை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் சுல்பிகா சஹனில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துப் படிக்கத்தில் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டே, திரை ஓரமாகப் போனைக் காதில் வைத்தபடி நின்ற ராத்தாவிடம் கையை நீட்டினாள். றுகையா திடுக்கிட்டுத் திரும்பினாள். போன் கை நழுவி நேரே படிக்கத்துக்குள் விழுந்தது. கை வழுக்கிட்டு என்று றுகையா சொன்னாள். நெய்க்கை வழுக்குவது இயல்புதானே என்று சுல்பிகாவும் நம்பினாள். ராத்தா இன்னும் சாப்பிடவே இல்லை, அவள் கையில் நெய் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

போன் செத்துவிட்டது. றுகையா அதைத் தொடவும் மறுத்தாள்.

“அது நஜீஸ்கா, அசுத்தம். ஊர்ச் சனத்திட எச்சில். அத மடியில வெச்சிட்டு எப்படித் தொழுவாய்? கடல்ல வீசிட்டு வேற ஒண்டு எடு.”

வழி நெடுக ஓட்டோவுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். சுல்பிகாவுக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அப்ராவின் உம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அந்தக் கலியாணத்துக்கு வேறு படமே கிடையாது. மற்றப் போன்கள் எல்லாம் வாசல் பேசினுக்குள் கிடந்தன. கட்டாருக்குத் திரும்பப் போகிற புருசனின் கையில் கொடுத்தனுப்ப ஒரு படம்கூட இல்லாமல் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

யாரோ சொன்னார்கள் என்று போனைப் பச்சை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தாள். காலையில் எடுத்தபோது ஒலி வரும் துளைகளில் நெய் உறைந்து வெள்ளை கட்டியிருந்தது. எறும்பு மொய்த்தது. புளித்த சோற்று நாற்றம் மூக்கில் அடித்தது. அந்த மூட்டை அரிசியையும் கோழிக்குத்தான் போட வேண்டி வந்தது.

பஸாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரன் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன படம் இருக்கிறது என்று முதலில் கேட்டான். கலியாணப் படம் என்றதும் பக்கத்தில் நின்ற இருவர் வேலையை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள். பெண்கள் பக்கமா என்று ஒருவன் கேட்டான். இரகசிய எண்ணை எழுதித் தந்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னான் கடைக்காரன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்கையில் படிக்கத் தண்ணீரே பரவாயில்லை என்று பட்டது. சுல்பிகா போனைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பல்லிளித்துக்கொண்டு வேலை செய்கிறவன் கையில் நூறு பெண்களின் தலைமுடியைக் கொடுத்துவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை.

பெண் ஒருத்தி போன் திருத்துகிறாள் என்று எப்போதோ கேள்விப்பட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொனியா கத்தோலிக்கப் பிள்ளை. கொழும்பில் படித்துவிட்டு வந்து, கல்முனையில் தன்னுடைய வீட்டு முன்னறையில் மேசை போட்டு வேலை செய்தாள். போனைக் கழற்றியவள் அவசரமாக முகத்துக்கு மாஸ்க் போட்டாள்.

“அக்கா, நான் டொய்லெட்டுக்க விழுந்த போன் திருத்தியிருக்கன். மீன் பெட்டிக்க கிடந்த போனும் திருத்தியிருக்கன். இதுக்குள்ள ஒரு ஆள் சாப்பிடலாம் போல கிடக்கு.”

சார்ஜ் குத்தும் இடத்திலிருந்து குறட்டால் சோற்றுப் பருக்கையை இழுத்தாள். பிறகு பலகையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவிய ஸ்பிரிட் வெற்றிலைத் துப்பல் நிறத்தில் வடிந்தது. போன் பிழைத்தால் புதிய ஸ்கிறீன் போடலாம், ஆனால் திரும்பச் சாகலாம், அதனால் உயிர் வந்த கையோடு உள்ளே இருக்கிறது எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் இறக்கிவிடுவேன் என்றாள். சுல்பிகா பக்கத்திலேயே காத்திருந்தாள். பற்றறியை மாற்றிய பிறகுதான் போன் ஒருமுறை துடித்தது. சொனியா தற்காலிகமாக ஒரு பழைய ஸ்கிறீனைப் பொருத்தி, சுல்பிகாவை இரகசிய எண்ணை அழுத்தச் செய்து, உடனே கொம்பியூட்டரில் கொழுவினாள். பிறகு திரையைச் சுல்பிகா பக்கம் திருப்பிவிட்டுத் தான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், நான் பார்க்கத் தேவையில்லை என்றாள். அந்த ஒரு செயலுக்காகச் சுல்பிகா அவளுக்கு மனதுக்குள் துஆ செய்தாள்.

அப்ரா இருந்தாள். தலை பின்னும் அப்ரா, மருதோண்டிக் கையால் முகம் மறைக்கும் அப்ரா, அழுகிற உம்மாவைக் கட்டிப் பிடித்த அப்ரா. ஒன்றும் குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சுல்பிகா சத்தமாகவே சொன்னாள். மற்றவை எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்க்கப் போனபோதுதான் அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு கோப்புக் கட்டு கண்ணில் பட்டது.

அதற்குள்ளும் படங்கள். எல்லாம் அவள் எடுத்தவை, ஆனால் அவள் எடுத்த மாதிரி இல்லை. ஆறு பேர் சேர்ந்து சிரித்த படத்திலிருந்து ஒருத்தி மட்டும் தனியாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தாள். மருதமுனையில் எடுத்த படத்தில் மணமகளைக் காணவில்லை, ஓரமாய் நின்று ஈரத்தலை உலர்த்திய அவளுடைய தங்கச்சி மட்டும் இருந்தாள். கலியாணமாகாத பிள்ளைகள். முக்காடு இல்லாத தலைகள். மணப்பெண்களின் விரல்களால் அழிக்கப்பட்ட படங்கள் எல்லாம் இங்கே துண்டு துண்டாகக் கிடந்தன. நடுவில் அப்ரா, போன வருடம் தன் மச்சியின் கலியாணத்தில், இடுப்பு வரை தொங்கும் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

இது என்ன கட்டு என்று சுல்பிகா கேட்டாள். சொனியா திரும்பாமலே சொன்னாள்.

“வட்ஸ்அப்பில ஆருக்கும் அனுப்பின படம் அக்கா. அனுப்பக்குள்ள போன் ஒரு கொப்பி எடுத்து வேற இடத்தில வைக்கும். அனுப்பினத அழிச்சாலும் கொப்பி கிடக்கும். போனில கண்ணுக்குத் தெரியாது.”

நான் யாருக்கும் அனுப்பவில்லையே என்றாள் சுல்பிகா. சொனியா குரல் பதிவுகளும் அதே மாதிரித் தங்கியிருக்கும் என்று மட்டும் சொல்லி, அவை இருக்கிற இடத்தைக் காட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே எழுந்து போனாள்.

முதல் பதிவிலேயே இருமல் கேட்டது. அந்த இருமலைக் கல்முனைக்குடியில் தெரியாதவர்கள் இல்லை. கலியாணத் தரகர் சீனிமுகம்மது.

“றுகையா தங்கச்சி, இந்தப் புள்ள நிறம் காணாது. மத்தவளிட படத்த அனுப்புங்க,” என்றார் ஒன்றில். இன்னொன்றில், முகம் பரவாயில்லை, உடம்பு விளங்கவில்லை, நின்றபடி எடுத்தது இல்லையா என்று கேட்டார். மாவடிப்பள்ளிப் பிள்ளையைப் பின்பக்கமாகவும் ஒன்று எடுக்கச் சொன்னார், மாப்பிள்ளையின் நண்பர்களும் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிறார்களாம். மாடு வாங்க வந்தவன்கூட இவ்வளவு கேள்வி கேட்கமாட்டான். கடைசியில் இது வந்தது.

“அப்ராட படம் கட்டாருக்குப் போயிரிக்கி. ஹிஷாமுக்கு நல்லாப் புடிச்சிட்டாம். முடிதான் அவர மயக்கிப் போட்டிருக்கி. காணாமக் கேட்டாரெண்டுதான் புள்ள ஊட்டுக்குச் சொல்லுவம். கேக்கவும் மார்க்கமா இரிக்கும்.” அதோடு ஒரு சிரிப்பு, சிரிப்போடு திரும்பவும் இருமல்.

சுல்பிகா எழுந்து போய்ச் சொனியாவின் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.  வாசலில் பேசின் வைத்து ஊரார் போனையெல்லாம் தடுத்துவிட்டு, உள்ளே போன ஒரே போனாலேயே ஊர்ப் பிள்ளைகளைக் கடை விரித்திருக்கிறார்கள். அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். அமானிதம் அமானிதம் என்று வாய் கிழியப் பேசியவளும் அவள்தான். ராத்தா திரை ஓரமாகக் காதில் வைத்துக் கேட்டது என்ன, திடுக்கிட்டது ஏன், நஜீஸ் என்று கடலில் எறியச் சொன்னது ஏன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தங்கச்சி சாப்பிடும் நேரம், தொழும் நேரம் பார்த்து அனுப்பி, பதிலைக் கேட்டு, உடனே அழித்திருக்கிறாள்.

புதிய ஸ்கிறீன் போட்டு முடிந்ததும் நேரே றுகையாவின் வீட்டுக்குப் போனாள். றுகையா முற்றத்தில் இருந்து கீரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சுல்பிகா சீனிமுகம்மதுவின் இருமலைப் போட்டுக் காட்டினாள்.  

நான் என்ன ஹராமான வேலையா செய்தேன் என்று றுகையா தொடங்கினாள். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு வழி தேடிக் கொடுப்பது நன்மை என்றாள். இந்தக் காலத்து மாப்பிள்ளைமார் பார்க்காமல் கட்டுவார்களா, எல்லாத் தாயும் உள்ளுக்குள் விரும்புகிறதைத்தான் தான் செய்ததாகச் சொன்னாள். அப்ராவைப் பார், இராணி மாதிரி இருக்கிறாள், அது யாரால் என்று கேட்டாள். மீன் செதில் ஒட்டிய கையை ஆட்டி ஆட்டி அவள் பேசப் பேச, ராத்தா வீட்டுச் சோற்றை இத்தனை வருடம் இந்தக் கையாலா வாங்கித் தின்றேன் என்று சுல்பிகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“எல்லாப் படத்தையும் பாத்திட்டன் ராத்தா,” என்றாள். “உன்ட மகள்ட படம் ஒண்டும் இல்லையே.”

றுகையா கத்தியைக் கீழே வைத்தாள். அவளுடைய மகள் எல்லாக் கலியாணத்துக்கும் வருகிறவள், அப்ராவை விட இரண்டு வயது மூத்தவள், இன்னும் கலியாணம் சரிவராதவள்.

“அது… அவள் சின்னப் புள்ள,” என்றாள் றுகையா.

இதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. சுல்பிகா திரும்பி நடந்தாள். அப்போதுதான் றுகையா அழுதாள். அப்ராவிடம் மட்டும் சொல்லாதே, புதுசாகக் கட்டின குடும்பம், கலைத்த பாவம் உன்னைச் சும்மா விடாது, உன் தொழிலும் அதோடு முடிந்தது என்று படலை வரைக்கும் பின்னால் வந்தாள். சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சுல்பிகாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். சொல்லாமல் விட்டால் என்ன? படம் மீண்டு வந்துவிட்டது, அப்ரா சந்தோசமாக இருக்கிறாள், ஹிஷாமும் கெட்டவனாகத் தெரியவில்லை. அவன் பார்த்துத்தான் கேட்டான் என்றால் என்ன குடி முழுகிப் போகிறது? சொனியா போனுக்குள் செத்துக் கிடந்ததையெல்லாம் உயிர்ப்பித்துத் தந்தாள். ஆனால் போனை விட்டு வெளியே போனதை, முகம் தெரியாத ஆண்களின் கையில் இருக்கிறதை, எந்தச் சொனியாவாலும் திருப்பி எடுக்க முடியாது. சொல்லி ஆகப் போவது என்ன? இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது றுகையாவின் குரலாகவே கேட்டது.

அப்ரா வந்தாள். புதுப் பெண்ணின் வளையல் சத்தமும் அத்தர் வாசனையும் அவளுக்கு முன்னால் வந்தன. மேசையில் தயாராக வைத்திருந்த கலியாணப் படங்கள் இருந்த பென் டிரைவைக் கண்டதும் சுல்பிகாவைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினாள். ஹிஷாம் படத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். பிறகு வழக்கம் தெரிந்தவளாய், தானே போனை எடுத்தாள்.

“இன்னும் நாறுது மாமி,” என்று மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். “என்ட விரலால அழிக்கட்டா? அழிச்சா மறுகா ஆருக்கிட்டயும் இரிக்காதுதானே?”

ஓம் என்று சொல்லச் சுல்பிகாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தச் சொல் வாயில் படிக்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதை விழுங்கவும் அவளால் முடியவில்லை.

“அழிக்காத மகள். முதல்ல இதப் பாரு,” என்றாள்.

அவிழ்த்துப் போட்ட முடியோடு சிரிக்கும் படத்தைக் காட்டினாள். யாருக்குப் போனது, யார் அனுப்பியது என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு அந்தக் குரலைப் போட்டாள். இருமல், கட்டார், ஹிஷாம், முடி, கேட்கவும் மார்க்கமாக இருக்கும், சிரிப்பு. அப்ரா அசையாமல் நின்று கடைசி வரைக்கும் கேட்டாள். அறையில் இருந்தது இரண்டு பெண்கள் மட்டும்தான். ஆனாலும் அவளுடைய கை தானாக எழுந்து, தோளில் கிடந்த முக்காட்டை இழுத்து நெற்றி வரைக்கும் மூடியது.

அழுவாள், றுகையாவைத் திட்டுவாள், ஹிஷாமைத் திட்டுவாள் என்று சுல்பிகா காத்திருந்தாள். அப்ரா போனை மெதுவாக மேசையில் வைத்தாள். தொட்ட விரல்களை அபாயாவில் துடைத்தாள். கலியாணப் படங்களின் பென் டிரைவை அவள் எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

“இது நீங்க எடுத்த படம்தானே மாமி?”

“ஓம்,” என்றாள் சுல்பிகா.